புளி மண்டிக்காரர்களுக்கு: கழுத்தை விடுங்கள், மணிக்கட்டைப் பாருங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் புளி வாங்கி, ஊர் ஊராக ஆள் வைத்துக் கொட்டை தட்டி எடுக்கும் மண்டிக்காரர்களுக்கும் கமிஷன்காரர்களுக்கும் வணக்கம்.

நான் கிருஷ்ணகிரியில் பிசியோதெரபி பார்ப்பவன். இடுப்பு பிடித்துக்கொண்டது, தோள்பட்டை தூக்க முடியவில்லை என்று உங்களில் சிலரே என்னிடம் வந்ததுண்டு. அந்தப் பழக்கத்தில்தான் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன சீசன் முடிந்த கையோடு உங்களில் சிலர் சேர்ந்து, புளி தட்டும் பெண்களுக்கு இலவச கைரோபிராக்டிக் முகாம் நடத்தினீர்கள். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, சொடுக்கிச் செய்கிற வைத்தியம் அது. ‘கை மரத்துப் போகுதுங்க, ராத்திரி தூக்கமே இல்லீங்க’ என்று அந்தப் பெண்கள் சொன்னதைக் காதில் வாங்கினீர்களே, அதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் ‘வேலை செய்யச் சோம்பல்’ என்று தட்டிக் கழிக்கிற விஷயம் இது. வருகிற சீசனில் இன்னும் பெரிய பந்தல் போட்டு, பாலக்கோடு, அரூர் பக்கமும் முகாம் நடத்தப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

முகாமுக்குப் போய் வந்த பெண்கள் சிலர் பிறகு என்னிடம் வந்தார்கள். அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டேன். வரிசையில் நிற்க வைத்தார்களாம். ஒவ்வொருவராக மேசையில் படுக்க வைத்து முதுகை ஒரு அழுத்து, கழுத்தைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. ‘படக்’ என்று சத்தம் கேட்டதும் ‘நரம்பு விட்டுப் போச்சு, இனிமே சரியாயிடும்’ என்று அனுப்பிவிட்டார்களாம். கையை யாராவது தொட்டுப் பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லை. சர்க்கரை இருக்கிறதா, தைராய்டு இருக்கிறதா என்று கேட்டார்களா? அதுவும் இல்லை. ரெண்டு நாள் உடம்பு லேசாக இருந்தது, அப்புறம் பழையபடிதான் என்றார்கள்.

இந்த வேலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் மண்டியில் எடை போடும் இடத்திலிருந்து பார்ப்பதும், தட்டுகிற பெண்ணின் கையை மட்டும் கால்மணி நேரம் உற்றுப் பார்ப்பதும் ஒன்றல்ல. ஒரு முறை அப்படி உட்கார்ந்து பாருங்கள். ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் கல். ஓடு உடைத்து நார் உரித்த புளியை இடது கையின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் இறுக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். வலது கையில் இரும்புத் துண்டோ சின்னச் சுத்தியலோ இருக்கும். ஓங்கி அடித்தால் சதை நசுங்கிவிடும், மெதுவாக அடித்தால் கொட்டை பிதுங்காது. அதனால் தோளும் முழங்கையும் அசைவதே இல்லை. மணிக்கட்டு ஒன்றுதான் மேலும் கீழும் போய் வருகிறது. புளி ஒட்டி ஒட்டி விரல் பிசுபிசுத்தால் பிடி வழுக்கும், வழுக்க வழுக்க இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கூலி கிலோ கணக்கு என்பதால் நிறுத்தவும் மனம் வராது. மாசி, பங்குனி, சித்திரை என்று மரத்திலிருந்து இறங்கும் புளியோடு இது முடிவதும் இல்லை. குளிர்பதனக் கிடங்கில் மூட்டை இருக்கிற வரைக்கும் வேலையும் இருக்கிறது.

இப்போது மணிக்கட்டுக்குள்ளே என்ன இருக்கிறதென்று சொல்கிறேன். உள்ளங்கை தொடங்குகிற இடத்தில் எட்டுச் சின்ன எலும்புகள் வளைவாக நிற்கின்றன. அதற்கு மேல் கூரை போட்டதுபோல் ஒரு தடித்த நார்ப்பட்டை. நடுவில் இருக்கும் குறுகலான பாதை வழியாக விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பு என்கிற ஒரே ஒரு நரம்பும் போகின்றன. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கினால், விரிந்து கொடுக்க அங்கே இடம் கிடையாது. நசுங்குவது நரம்புதான். இதற்குத்தான் கார்பல் டனல் சிண்ட்ரோம் என்று பெயர். மணிக்கட்டை மடக்கினாலும் சரி, பின்னால் வளைத்தாலும் சரி, அந்தப் பாதையில் அழுத்தம் கூடும். தூக்கத்தில் கையை மடக்கித் தலைக்குக் கீழே வைத்துப் படுக்கிறோம் இல்லையா, அதனால்தான் தொல்லை ராத்திரியில் அதிகம். பகல் முழுக்கத் தட்டும்போது தெரியாதது நடுச்சாமத்தில் மதமதவென்று எழுப்பிவிடும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் கொஞ்சம் தேவலாம்போல இருக்கும். இப்படி உதறுகிறேன் என்று ஒரு பெண் சொன்னாலே எனக்குப் பாதி நோய் புரிந்துவிடும்.

மரத்துப் போவதும் எல்லா விரலும் இல்லை. பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரல் தப்பிவிடும், ஏனென்றால் அதன் நரம்பு வேறு வழியாகப் போகிறது. இரண்டு கைகளின் புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னால் பலருக்கு அந்த விரல்களிலேயே சுருக்சுருக்கென்று வரும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் பரிசோதனை இருக்கிறது.

முற்றிய கேஸ் எப்படி இருக்கும் தெரியுமா? போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ரவிக்கை ஊக்கு மாட்ட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்றார். டம்ளர் தானாக நழுவுகிறதாம். இரண்டு கைகளையும் விரித்து மேசைமேல் வைக்கச் சொன்னேன். பெருவிரலுக்குக் கீழே உருண்டு நிற்க வேண்டிய சதைமேடு வலது கையில் தட்டையாகிக் கிடந்தது. பெருவிரலைச் சுண்டுவிரலிடம் கொண்டுபோகச் சொன்னால் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது. அந்த அளவுக்குப் போன தசை, அறுவை செய்தாலும் முழுதாகத் திரும்பி வருமென்று உறுதி சொல்ல முடியாது. அவரும் முகாமில் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு வந்தவர்தான். முகாமில் அவருக்கு யாரும் தீங்கு செய்துவிடவில்லை. ஆனால் ‘சரியாயிடும்’ என்ற சொல்லை நம்பி, கிடங்குப் புளியையும் விடாமல் தட்டித் தீர்த்துவிட்டார். என் மனக்குறை அந்தச் சொல்மீதுதான்.

சரி, கையில் நோய் இருக்க, கழுத்தை ஏன் திருப்புகிறார்கள்? அவர்கள் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கையின் நரம்புகள் எல்லாம் கழுத்திலிருந்துதான் புறப்படுகின்றன. கழுத்து எலும்பில் ஆறாவது, ஏழாவது நரம்பு வேர் நசுங்கினாலும் பெருவிரல், நடுவிரல் மரக்கும். 1973-இல் அப்டன், மெக்கோமாஸ் என்ற இரண்டு பேர், ஒரே நரம்பு இரண்டு இடத்தில் நசுங்கலாம், மேலே நசுங்கியிருந்தால் கீழே சுலபமாகப் பாதிக்கும் என்று ஒரு கருத்தை எழுதினார்கள். ஐம்பது ஆண்டுகளாக அதன்மேல் வாதம் நடக்கிறது, இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆகவே கழுத்தையும் பார்ப்பது தப்பில்லை, பார்க்கத்தான் வேண்டும். பார்க்காமலேயே எல்லோருக்கும் ஒரே வெட்டு வெட்டுவதுதான் தப்பு.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முகாமின் கவர்ச்சியே அதுதான். செல்போனில் அந்தச் சத்தத்துக்காகவே வீடியோ பார்க்கிறார்கள். விலகிய எலும்பு இடத்தில் உட்காருகிற சத்தமில்லை அது. மூட்டை இழுக்கும்போது உள்ளேயிருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குமிழி உண்டாகிறது. 2015-இல் கனடா ஆராய்ச்சியாளர்கள் விரல் மூட்டைச் சொடுக்கும்போதே எம்.ஆர்.ஐ.யில் படம் பிடித்து இதைக் காட்டினார்கள். சொடுக்கினால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், உண்மைதான். மணிக்கட்டில் நசுங்கிய நரம்பு அதனால் விடுபடாது.

கைரோபிராக்டிக் என்பதே மோசடி என்று நான் சொல்லவில்லை. 1895-இல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊரில் டி.டி.பால்மர் என்பவர் தொடங்கியது. (அவருடைய பேர்பெற்ற முதல் சிகிச்சை முதுகுவலிக்கு இல்லை, காது கேளாமைக்கு! முதுகெலும்பைத் தட்டிக் காது கேட்க வைத்ததாகச் சொன்னார். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.) இன்று அங்கே கல்லூரிக்குப் போய் ஆண்டுக்கணக்கில் படித்து, மாநில உரிமம் வாங்கித்தான் இந்தத் தொழிலைச் செய்ய முடியும். இடுப்புவலிக்கு அது ஓரளவு பயன்படுகிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. கார்பல் டனலுக்கு? 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். 91 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஐபுபுரூஃபன் என்கிற வலி மாத்திரை, மறு பாதிக்கு கைரோபிராக்டிக். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். ‘பார்த்தீர்களா, மாத்திரைக்குச் சமம்’ என்று சொல்வார்கள். ஆனால் அந்த ஆய்வை இன்னும் கொஞ்சம் படித்தால் இரண்டு விஷயம் தெரியும். கைரோபிராக்டிக் பிரிவினருக்கு ஒன்பது வாரத்தில் மொத்தம் 16 முறை சிகிச்சை. முதுகு, கழுத்து மட்டுமில்லை, கையின் தசை, மூட்டு, மணிக்கட்டின்மேல் அல்ட்ராசவுண்ட் ஒலியலைச் சிகிச்சை என்று எல்லாமே. பந்தலில் ஒரு தடவை சொடுக்குவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இன்னொன்று, ராத்திரியில் மணிக்கட்டை மடங்காமல் பிடித்து வைக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு படுப்பது இரண்டு பிரிவுக்கும் பொது. எந்தச் சிகிச்சையும் இல்லாத மூன்றாவது பிரிவு ஒன்று இல்லாததால், தேறியது பட்டையாலா, மற்றதாலா என்று அதைவைத்துச் சொல்லவே முடியாது. எனக்குப் பட்டைமீதுதான் நம்பிக்கை.

கையால் தொட்டுச் செய்யும் வைத்தியத்துக்கு ஆதரவாகவும் ஆய்வு இருக்கிறது, மறைக்கவில்லை. 2015-இல் ஸ்பெயினில் 120 பெண்களை வைத்துச் செய்தது. பாதிப் பேருக்கு அறுவை, பாதிப் பேருக்கு பிசியோதெரபிஸ்டுகளின் கை சிகிச்சை. ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் இரண்டு பக்கமும் வலி ஒரே அளவில்தான் குறைந்திருந்தது. அந்தக் கை சிகிச்சை கழுத்தை வெட்டித் திருப்புவதில்லை. நரம்பு போகும் வழியில் எங்கெங்கே இறுக்கமோ அங்கங்கே பொறுமையாக நீவி, மெதுவாக அசைத்துக் கொடுப்பது.

‘உனக்குத் தொழில் போட்டி, அதான் எழுதுகிறாய்’ என்று உங்களில் யாராவது நினைக்கலாம். நினையுங்கள், பரவாயில்லை. எங்கள் தொழிலிலும் எதற்கெடுத்தாலும் கரண்ட் வைத்து, பத்து நாள் வரச்சொல்லிப் பணம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். நான் தப்பு செய்தால் கேட்க இடம் இருக்கிறது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் பிசியோதெரபி உண்டு, கைரோபிராக்டிக் இல்லை. அதற்கென்று சட்டப்படியான கவுன்சில் எதுவும் இந்தியாவில் கிடையாது. வெளிநாட்டில் முறையாகப் படித்து வந்து, எக்ஸ்ரே பார்த்து, ‘இது என் வேலையில்லை, டாக்டரிடம் போ’ என்று திருப்பி அனுப்பத் தெரிந்த கைரோபிராக்டர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். வார இறுதியில் நாலு பாடம் கேட்டுவிட்டுச் சட்டைமேல் ‘டாக்டர்’ என்று எழுதிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பந்தலில் நிற்பவர் இதில் யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவரிடம் கேட்டீர்களா? நம் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்குப் போகிறவர்கள்கூட, கட்டுகிறவர் எந்தக் குடும்பம் என்று விசாரித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

கழுத்தை வேகமாகத் திருப்புவதில் ஆபத்தும் இருக்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்பு ஓட்டைகள் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. அபூர்வமாக, அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. அபூர்வம்தான், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் தலையில் மூட்டை சுமந்து சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்த பெண்ணுக்கு, மாதவிடாய் நின்று எலும்பு பலவீனமான பெண்ணுக்கு, பிரஷர் இருப்பதே தெரியாத பெண்ணுக்கு, கையில் இருக்கும் நோய்க்காக ஏன் அந்த ரிஸ்க்?

அப்படியானால் முகாமே வேண்டாமா? வேண்டும். ஆளை மாற்றுங்கள், செய்வதை மாற்றுங்கள்.

பந்தல், மைக், சாப்பாடு, ஃபிளெக்ஸ் செலவில் பாதியை மணிக்கட்டுப் பட்டைக்கு ஒதுக்குங்கள். மெடிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கும்போது கவனம்: சும்மா இழுவைத் துணி மட்டும் இருந்தால் பிரயோசனம் இல்லை, உள்ளே அலுமினியத் தகடு இருக்க வேண்டும். அந்தத் தகடு பெரும்பாலும் கையைப் பின்னால் தூக்கி வைக்கிற மாதிரி வளைந்தே வரும். அதை உருவி, முழங்காலில் வைத்து அழுத்தி நேராக்கிவிட்டுத் திரும்பச் செருக வேண்டும். மணிக்கட்டு நேராக நிற்பதுதான் குறி. பகலில் கட்டிக்கொண்டு தட்டச் சொல்லாதீர்கள், பட்டையோடு மல்லுக்கட்டி இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். ராத்திரி மட்டும், ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக, ஆறு வாரம் விடாமல். ஆரம்ப நிலையில் இருப்பவர்களில் நிறையப் பேருக்கு இதிலேயே தூக்கம் வந்துவிடும்.

அப்புறம் ரத்தம். சர்க்கரை இருந்தால், தைராய்டு குறைவாகச் சுரந்தால், கைமூட்டு வாதம் இருந்தால், வயிற்றில் பிள்ளை இருந்தால் இந்த நரம்பு இன்னும் சுலபமாக நசுங்கும். சர்க்கரையைக் கவனிக்காமல் கையை மட்டும் பார்த்துப் பயனில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை தருவதோடு, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி பார்ப்பதும் அந்தத் திட்டத்தில் உண்டு. ஊரில் வந்துபோகும் அந்தத் தன்னார்வலரை முகாமுக்குக் கூப்பிடுங்கள். காசு செலவில்லை. பெண்களின் கை மரப்பைப் பற்றியும் அவரைக் கேட்கச் சொல்லுங்கள், பார்க்கச் சொல்லுங்கள்.

பெருவிரல் சதை இளைத்தவர்களை, மரப்பு நாள் முழுக்க விடாமல் இருப்பவர்களை, பட்டைக்குக் காத்திருக்காமல் நேரே கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டுப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் அந்த நார்ப்பட்டையை வெட்டி வழி விடுவார்கள். மரக்க ஊசி போட்டுச் செய்கிற சின்ன அறுவை, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ‘ஆபரேஷன் பண்ணினா கை விளங்காமப் போயிடும்’ என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. கை விளங்காமல் போவது பெரும்பாலும் அறுவை செய்யாமல் தள்ளிப்போட்டதால்தான். இவர்கள் தள்ளிப்போடுவதன் காரணம் பயம் மட்டுமில்லை. தையல் பிரிக்கும்வரை கையை நனைக்க முடியாது, அப்புறமும் சில வாரம் சுத்தியல் பிடிக்க முடியாது. அந்தச் சில வாரக் கூலியை யார் கொடுப்பது? ஓசூர்ப் பக்கம் கம்பெனியில் பேர் பதிந்து வேலை செய்கிற பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் உங்கள் மூட்டையைப் பிரித்து உட்காருகிற பெண்ணுக்கு உங்களை விட்டால் யாரும் இல்லை. கையை முறுக்கி, அழுத்தி, திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் வருகிற கார்பல் டனலை, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் தொழில்சார் நோய்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. ஆக, இது அந்தப் பெண்ணின் ‘உடம்பு வாகு’ என்று நீங்களும் நானும் கைகழுவிவிட முடியாது. அந்த நாட்களுக்குப் பாதிக் கூலியாவது கொடுங்கள். முன்பணமாக இல்லை, கூலியாக.

வேலை செய்யும் முறையிலும் கொஞ்சம் மாற்றலாம். சுத்தியல் பிடிமேல் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றினால் பிடி தடிக்கும், விரலை அவ்வளவு இறுக்க வேண்டாம், அதிர்வும் குறையும். ஒரே ஆளை நாள் பூராவும் கொட்டை தட்ட வைக்காமல், பாதி நாள் தட்டட்டும், மீதி நாள் ஓடு உடைக்கட்டும், நார் உரிக்கட்டும். கிலோ கணக்கில் கூலி என்பதால் தட்டுகிற வேலைக்கே எல்லோரும் போட்டி போடுவார்கள் என்று சொல்வீர்கள். அந்தக் கணக்கைப் போட்டது நீங்கள்தானே, மாற்றுவதும் உங்களால்தான் முடியும்.

நான் வரத் தயார். பீஸ் வேண்டாம். ஃபிளெக்ஸில் என் படமும் வேண்டாம். ஒரு பாய், ஒரு மேசை, பெண்களின் பேரும் எந்த விரல் மரக்கிறது என்பதும் எழுத ஒரு நோட்டு, அதை எழுத விவரமான ஒரு பெண்பிள்ளை, இவ்வளவு போதும். கைரோபிராக்டிக்காரரும் வரட்டும், கையைப் பார்த்துவிட்டுக் கழுத்துக்குப் போவதாக இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம். போச்சம்பள்ளிச் சந்தை நடக்கிற ஞாயிறு மட்டும் வேண்டாம், அன்றைக்கு யாரும் வரமாட்டார்கள். தை முடிவதற்குள் ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள். மாசி பிறந்து மூட்டை இறங்க ஆரம்பித்துவிட்டால் அந்தப் பெண்களுக்கு நின்று கையைக் காட்ட நேரம் இருக்காது.